ஆட்டுக்கும் ஒரு வெற்றி வேண்டும்

ஆடுபுலி ஆட்டத்தில் ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது. 15 ஆடுகளும் களத்தில் இறங்கிய பிறகும், எதிரே நிற்கும் மூன்று புலிகளில் ஒன்றைக்கூட அவற்றால் வெளியேற்ற முடியாது. அப்படியிருந்தும் ஆடு ஜெயிக்கும். மூன்று புலிகளும் நகர இடமில்லாமல் அடைபட்டுவிட்டால் ஆட்டம் ஆட்டுக்காரருடையது. புலிக்காரர் ஜெயிக்க வேண்டுமானால் ஆடுகளைத் தாண்டி வெட்டிக்கொண்டே போக வேண்டும். களம் ஒன்றுதான். ஆனால் இரண்டு பக்கத்துக்கும் வெற்றி வேறு வேறு.

பதுளை மாவட்டத் தோட்டப் பாடசாலைகளில் செஸ் பழக்கும்போது, காய்களின் நகர்வு பிடிபட்ட சில கிழமைகளிலேயே பிள்ளைகளில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “சேர், ராஜாவைப் பிடிக்காம வேற மாதிரி ஜெயிக்க ஏலாதா?” பெரும்பாலான ஆசிரியர்கள் இந்தக் கேள்வியை “முதல்ல இருக்கிறதை ஒழுங்காப் பழகு” என்று சொல்லி மூடிவிடுகிறோம். செஸ் கழகத்தில் கேட்கப்படும் கேள்விகளில் இதைவிட மேலான கேள்வி இல்லை என்பது என் எண்ணம். ஊவா மாகாணத்தின் பாடசாலைக் கழகங்கள் இந்தக் கேள்விக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று வாதாடுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு விளையாட்டின் உயிர் அதன் வெற்றி விதியில் இருக்கிறது. காய்கள் அப்படியே இருக்கட்டும், பலகையும் அப்படியே இருக்கட்டும். எப்படி ஜெயிப்பது என்பதை மட்டும் மாற்றிப் பாருங்கள். காய்களின் மதிப்பு மாறும். ஒரு காய்க்கு இன்னொரு காய் காவல் நிற்பதன் அர்த்தம் மாறும். முதலில் நகர்த்துபவருக்குக் கிடைக்கும் ஆதாயம் கூடும் அல்லது குறையும். இந்த மாற்றங்களைக் கவனித்து, அளந்து, இரு பக்கத்துக்கும் நியாயமான ஆட்டமாகத் திருத்தி எடுக்கும் வேலை பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியதல்ல. தரம் எட்டுப் பிள்ளைகளால் அதைச் செய்ய முடியும்.

வெற்றி விதி கல்மேல் எழுத்தல்ல. நாம் இன்று ஆடும் சதுரங்கத்திலேயே அது பலமுறை மாறியிருக்கிறது. பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் ஆடிய ஷத்ரஞ்சில், எதிரியின் ராஜாவுக்கு செக் இல்லாமலேயே நகர இடமற்றுப் போனாலும் அது முழு வெற்றி. எதிரியின் காய்களையெல்லாம் வெட்டி ராஜாவைத் தனியாக நிறுத்திவிட்டாலும் வெற்றிதான். 17ஆம், 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது தலைகீழாக இருந்தது. எதிரியை நகரவிடாமல் அடைத்தவர்தான் தோற்றவர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அங்கும் அது சமநிலை என்று நிலைபெற்றது. இன்று உலகமெங்கும் அதற்கு ஆளுக்கு அரைப் புள்ளி. இப்போது ஆடுபுலியை நினைத்துப் பாருங்கள். சதுரங்கம் அரைப் புள்ளி கொடுத்து ஒதுக்கிவைத்திருக்கும் அந்த ‘அடைத்தல்’தான் அங்கே ஆட்டுக்கு இருக்கும் ஒரே வெற்றி. வெட்ட முடியாதவனுக்கும் ஜெயிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள் அந்த ஆட்டத்தை வகுத்தவர்கள். எனக்கு அவர்கள் மீது அளவற்ற மரியாதை.

இலங்கையின் விளையாட்டுகளைப் பற்றி எழுதியவர்களில் முக்கியமானவர் ஹென்றி பார்க்கர். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்தவர். 1909இல் வெளிவந்த ‘பண்டைய இலங்கை’ என்ற அவரது ஆங்கில நூலில் ‘திவியன் கெளிய’ என்ற சிறுத்தை ஆட்டம் இருக்கிறது. ‘தெமள திவியன் கெளிய’, அதாவது தமிழ்ச் சிறுத்தை ஆட்டம் என்ற பெயரிலும் ஒன்று இருக்கிறது. ஏழு சிறுத்தைகள் ஒரு புலியைச் சுற்றி வளைக்கும் ‘ஹத் திவியன் கெளிய’வும் இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் இரு பக்கத்துப் படைகளும் ஏற்றத்தாழ்வானவை, இரு பக்கத்து வெற்றிகளும் வேறானவை. அயர்லாந்து எழுத்தாளர் டன்சனி பிரபு 1942இல், ஒரு பக்கம் 32 சிப்பாய்கள், மறுபக்கம் வழக்கமான படை என்று ஒரு சதுரங்கத்தை அமைத்தார். சிப்பாய்ப் பக்கம் செக்மேட் செய்ய வேண்டும், படைப் பக்கம் சிப்பாய்களை ஒன்றுவிடாமல் வெட்ட வேண்டும். பார்வைக்கு அது புதுமை. இஸ்தோப்பில் கரித்துண்டால் கோடு கீறி, புளியங்கொட்டையை ஆடாக வைத்து விளையாடியவர்களுக்கு அதில் புதுமை என்ன இருக்கிறது?

கொழுந்து நிறுத்த கதை

ஒக்டோபர் பிறந்துவிட்டால் ஊவாவில் மழை. ஜனவரி வரைக்கும் மைதானம் சேறும் சகதியுமாகக் கிடக்கும். அந்த மாதங்களில்தான் செஸ் கழகத்துக்குப் பிள்ளைகள் நிறைய வருவார்கள். அப்படியொரு பருவத்தில் பிள்ளைகளிடமே ஒரு புதிய ஆட்டத்தை அமைக்கச் சொன்னேன். அவர்கள் கொண்டுவந்த யோசனை இது: வெட்டிய காயைத் தேயிலைக் கொழுந்து போல நிறுக்க வேண்டும். சிப்பாய் ஒரு கிலோ, குதிரையும் மந்திரியும் மூன்று கிலோ, கோட்டை ஐந்து, ராணி ஒன்பது. முதலில் 18 கிலோ சேர்த்தவர் வென்றவர். ஏன் 18 என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒரு நாள் பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, எத்தனை கிலோ எடுக்க வேண்டும் என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். ஆனால் அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் அம்மாமார் பேசும் கணக்கு 18. ராஜாவுக்கு நிறை கிடையாது. ஒரு பக்கத்துக் காய்களை எல்லாம் நிறுத்தால் 39 கிலோ வரும்.

முதல் நாள் ஒரே கொண்டாட்டம். அதற்குப் பிறகு எல்லாப் பலகையிலும் ஒரே காட்சி. ராணியும் ராணியும் உடனே வெட்டுப்படும், ஆளுக்கு ஒன்பது. கோட்டைக்குக் கோட்டை, ஆளுக்கு 14. குதிரைக்கு மந்திரி, ஆளுக்கு 17. இனி யார் ஒரு சிப்பாயைத் தொட்டாலும் ஆட்டம் முடிந்தது. அப்போது ஒரு பிள்ளை சொன்னாள்: “சேர், காவல் வச்சும் பிரயோசனம் இல்லையே.”

அவள் கண்டுபிடித்தது சாதாரண விஷயமல்ல. சதுரங்கத்தில் ஒரு சிப்பாய்க்குக் காவல் வைப்பது எதற்காக? நீ வெட்டினால் நான் திருப்பி வெட்டுவேன் என்ற அச்சுறுத்தலுக்காக. இங்கே எதிரி வெட்டிய அந்தக் கணத்திலேயே 18 கிலோ நிறைந்து ஆட்டம் முடிந்துவிடுகிறது. திருப்பி வெட்ட எனக்கு முறையே வருவதில்லை. ஆகவே காவல் வெறும் காட்சிப் பொருள். பிள்ளைகள் காய்களை ஒன்றோடொன்று மோதவிடாமல் ஒளித்துவைக்கத் தொடங்கினார்கள், ஆட்டம் உறைந்துபோனது. உறையாத பலகைகளில் வெட்டத் தொடங்கியவர் எப்போதும் ஒரு வெட்டு முன்னே இருந்தார். அந்த வாய்ப்பு முதலில் நகர்த்தும் வெள்ளைக்கே அதிகம்.

இதற்கான மருந்து வேறொரு சதுரங்கத்தில் இருந்தது. வெர்னன் பார்ட்டன் என்ற ஆங்கிலேயர் 1961இல் ‘ராஜாக்களின் ஓட்டம்’ என்று ஒன்றை வகுத்தார். அதில் செக்மேட் கிடையாது. செக் வைக்கவே கூடாது. இரண்டு படைகளும் பலகையின் ஒரே பக்கத்தில் நின்று புறப்படும், எட்டாம் வரிசைக்கு முதலில் போய்ச் சேரும் ராஜா வெல்வார். இங்கும் முதலில் நகர்த்தும் வெள்ளைக்கு ஓரடி முந்துதல் உண்டு அல்லவா? அதற்காக ஒரு சிறிய விதி வைத்தார்கள். வெள்ளை ராஜா எட்டாம் வரிசையைத் தொட்டபிறகு கறுப்புக்கு இன்னும் ஒரு நகர்வு உண்டு. அந்த நகர்விலேயே கறுப்பு ராஜாவும் போய்ச் சேர்ந்தால் ஆட்டம் சமநிலை. முதலில் நகர்த்துவதால் வரும் ஆதாயத்தை வெற்றி விதிக்குள்ளேயே வைத்துச் சரிசெய்யும் இந்த வழி அழகானது.

அதையே கொழுந்து ஆட்டத்துக்கும் கொண்டுவந்தோம். ஒருவர் 18ஐ எட்டினால் எதிரிக்கு இன்னும் ஒரு நகர்வு. அவரும் 18ஐத் தொட்டுவிட்டால் யார் நிறை அதிகமோ அவர் வென்றவர், நிறை ஒன்றானால் சமநிலை. இப்போது 17க்கு 17 என்ற நிலையில் என் குதிரை காவலுள்ள சிப்பாயை வெட்டுகிறது. எனக்கு 18. எதிரி என் குதிரையைத் திருப்பி வெட்டுகிறார். அவருக்கு 20. ஆட்டம் அவருடையது. காவலுக்கு மீண்டும் அர்த்தம் வந்துவிட்டது. ஒரேயொரு விதி, ஆனால் பலகை முழுவதும் அதன் பலன் தெரிந்தது.

இலக்கு எத்தனை கிலோ என்பதில்தான் நீண்ட வாக்குவாதம் நடந்தது. பத்து கிலோ போதும் என்று வைத்தால் ஒரு ராணியும் ஒரு சிப்பாயும் கிடைத்தால் கதை முடிந்தது. சதுரங்கம் பிறப்பதற்குள் சாகும். முப்பது என்று வைத்தால் அதற்குள் யாராவது செக்மேட் ஆகிவிடுவார்கள், நிறை விதி பெயருக்கு இருக்கும். 18இல் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. செக்மேட்டையும் வெற்றியாக விட்டுவைத்தது நல்ல முடிவு. நிறை மட்டுமே வெற்றி என்றால் ஒருவரும் காயைப் பலிகொடுக்க மாட்டார்கள். ராணியைக் கொடுப்பது எதிரிக்கு ஒன்பது கிலோவைத் தூக்கிக் கொடுப்பதாகும். செக்மேட் அச்சம் இருந்தால்தான் 17 கிலோவோடு நிற்பவரும் தன் ராஜாவைத் திரும்பிப் பார்ப்பார். சிப்பாய் ராணியாகி வெட்டுப்பட்டால் ஒரு கிலோவா, ஒன்பது கிலோவா? பலகையில் எப்படி நின்றதோ அப்படியே நிறுப்பது என்று தீர்மானித்தார்கள். அதனால் ராணியாக்குவதே ஆபத்தான காரியமாயிற்று. யாரும் எதிர்பார்க்காத விளைவு அது. சமநிலைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘அரைப்பேர்’.

புலி எங்கே நிற்கிறது?

எண்ணிக்கையால் மட்டும் சமநிலை வந்துவிடாது என்பதற்கு ஆடுபுலியே சாட்சி. நாம் ஆடும் முக்கோணக் களத்தில் வழக்கமாக 23 புள்ளிகள். மூன்று புலி, 15 ஆடு போக எஞ்சுவது ஐந்து வெற்றிடம். ஒவ்வோர் ஆடு வெட்டுப்படும்போதும் ஒரு வெற்றிடம் கூடும். ஐந்து ஆடு போனால் புலிகள் உலவப் பத்து இடம். ஆட்டின் எண்ணிக்கையை 20 ஆக்கினால் களமே நிறைந்து புலிகள் தாமாக அடைபட்டுவிடும். 12 ஆக்கினால் புலிகளை அடைப்பது பெரும்பாடாகும். 15 என்ற எண்ணுக்கு யாரோ ஒருவர் ஒரே நாளில் வந்திருக்க மாட்டார். ஆடி ஆடித்தான் வந்திருப்பார்கள்.

இதை இன்னும் நெருக்கமாகப் பார்க்க நேபாளத்தின் ‘பாக் சால்’ வசதியானது. ஐந்துக்கு ஐந்தாக 25 புள்ளிகள், நான்கு புலிகள், 20 ஆடுகள். ஒரு தாளில் கீறி வைத்துக்கொண்டு வாசியுங்கள். நான்கு புலிகளும் நான்கு மூலைகளில் நிற்கின்றன என்று வைப்போம். மூலைப் புலிக்குப் பக்கத்துப் புள்ளிகள் மூன்று. அந்த மூன்றிலும் ஆடு நின்றால் மட்டும் போதாது, ஒவ்வோர் ஆட்டுக்கும் பின்னால் உள்ள புள்ளியும் நிறைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் புலி தாண்டிவிடும். நான்கு மூலைக்கும் பக்கத்துப் புள்ளிகள் 12. பின்புள்ளிகள் எல்லாம் இரண்டு அல்லது நான்கு புலிகளுக்குப் பொதுவானவை என்பதால் அவை ஐந்துதான். ஆக 17 ஆடுகள் வேண்டும்.

அதே நான்கு புலிகளும் ஒரே மூலையில் இரண்டுக்கு இரண்டாக நெருங்கி நின்றால்? மூலையில் நிற்கும் புலியைச் சுற்றிலும் புலிகள். புலி புலியைத் தாண்டாது. அது தானாகவே அடைபட்டுவிட்டது. மற்ற மூன்றையும் அடைக்கத் தேவையான ஆடுகளை எண்ணிப் பாருங்கள், பத்துதான் வரும். ஒரே எண்ணிக்கைப் புலிகள், ஒரே களம். சிதறி நின்றால் 17 ஆடு, குவிந்து நின்றால் பத்து. ஐந்து ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது அங்குள்ள விதி. நான்கு ஆடுகளை இழந்து 16 ஆடுகளோடு நிற்கும் ஆட்டுக்காரர், மூலைக்கொன்றாக நிற்கும் புலிகளை அப்படியே அடைக்க முடியாது. ஆனாலும் புலிகளைக் குவியவைக்க முடிந்தால் அவருக்கு இன்னும் நம்பிக்கை உண்டு. இந்த நம்பிக்கை கடைசிவரை இருப்பதுதான் நல்ல ஆட்டத்தின் அடையாளம்.

லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரு கணினியியலாளர்கள் இந்த ஆட்டத்தைக் கணினியில் முழுவதுமாக ஆராய்ந்தார்கள். இரு பக்கமும் தவறே செய்யாமல் ஆடினால் முடிவு சமநிலை என்று 2009இல் வெளியான ஆய்வில் காட்டினார்கள். நேபாளத்து மலைக் கிராமங்களில் பேர் தெரியாத மனிதர்கள் கணினி எதுவுமில்லாமல் அமைத்த விதிகள் அவ்வளவு துல்லியமாக நிற்கின்றன.

எல்லா ஆட்டங்களும் இப்படி அமைவதில்லை. 19ஆம் நூற்றாண்டு இந்தியாவில் ஆடிய ‘மகாராஜாவும் சிப்பாய்களும்’ ஆட்டத்தில், ராணியாகவும் குதிரையாகவும் நகரும் ஒற்றை மகாராஜா ஒரு முழுப் படையோடு மோதுவார். புதிதாக ஆடுபவருக்கு மகாராஜா வெல்ல முடியாத பூதமாகத் தெரிவார். படைக்காரர் காவலில்லாத காய் ஒன்றையும் விடாமல் பொறுமையாக முன்னேறினால் வெற்றி நிச்சயம் என்பது இன்று தெரிந்த விஷயம். தன் காய்களையெல்லாம் இழப்பவரே வென்றவர் என்ற ‘எதிர்ச் சதுரங்க’த்தில், வெள்ளை தன் ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை ஓரடி நகர்த்தித் தொடங்கினால் தவறாமல் வெல்லலாம் என்று மார்க் வாட்கின்ஸ் 2016இல் நிறுவினார். ஆனாலும் அந்த ஆட்டத்தை இன்றும் இணையத்தில் ஆடுகிறார்கள். நிரூபணத்தின் கிளைகளை எந்த மனிதரும் மனதில் வைத்திருக்க முடியாது. ஆகவே சமநிலை என்பதை ஆடப்போகிறவர்களை வைத்துத்தான் அளக்க வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்கு, பிழையே விடாத கணினி உரைகல் அல்ல. அந்தப் பிள்ளைகளே உரைகல்.

அதை அளக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு சோடிப் பிள்ளைகள் இரண்டு ஆட்டம் ஆடட்டும், இரண்டாவதில் பக்கம் மாறட்டும். இரண்டிலும் ஒரே பிள்ளை ஜெயித்தால் அது அந்தப் பிள்ளையின் திறமை. இரண்டிலும் ஒரே பக்கம் ஜெயித்தால் விதியில் கோளாறு இருக்கலாம். பல சோடிகளில் அதே கதை என்றால் கோளாறு நிச்சயம். ஒரு நேரத்தில் ஒரு விதியைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. கோளாறு தீரவே இல்லை என்றாலும் ஒரு வழி இருக்கிறது. வீட்டில் ஒரு மைசூர்பாகு இருந்தால் அக்கா வெட்டட்டும், தங்கச்சி முதலில் எடுக்கட்டும் என்போம் அல்லவா? அதுபோல ஒருவர் முதல் நகர்வை வைக்கட்டும். அதைப் பார்த்துவிட்டு மற்றவர் தனக்கு எந்தப் பக்கம் வேண்டும் என்று தெரிவு செய்யட்டும். அப்போது முதலில் நகர்த்துபவர் வேண்டுமென்றே நடுநிலையான நகர்வைத்தான் வைப்பார்.

பெரியவர்களின் போட்டிகளிலும் வெற்றி விதியை இரு பக்கத்துக்கும் வேறாக வைக்கிறார்கள். சமநிலை முறிப்பு ஆட்டமான ஆர்மகெடனில் வெள்ளைக்கு நேரம் அதிகம், ஆனால் வென்றே ஆக வேண்டும். கறுப்புக்கு நேரம் குறைவு, சமநிலையே வெற்றி. முன்னாள் உலகச் சம்பியன் விளாதிமிர் கிராம்னிக்கும் டீப்மைண்ட் ஆய்வாளர்களும் 2020இல் ஒன்பது விதி மாற்றங்களை ஆல்பாஸீரோ என்ற கணினி நிரலைக் கொண்டு சோதித்தார்கள். நகர இடமின்றி அடைபடுவதை வெற்றியாக்குவதும் அவற்றில் ஒன்று. பார்வைக்குப் பெரிய மாற்றம். ஆனால் சமநிலைகள் அதனால் பெரிதாகக் குறையவில்லை. கோட்டை கட்டுதலை நீக்கிய மாற்றமோ ஆட்டத்தை உயிர்ப்பாக்கியது. அந்த விதியோடு முதல் போட்டி நடந்த ஊர் சென்னை, 2020 ஜனவரியில். அங்கே பத்தில் ஒன்பதுக்கு நெருக்கமான ஆட்டங்கள் வெற்றி தோல்வியில் முடிந்தன. எந்த விதி எதை மாற்றும் என்பதை ஊகித்துச் சொல்ல முடியாது, ஆடித்தான் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஊவாவுக்கு ஏன் இது?

லுணுகலையிலிருந்தும் கொஸ்லந்தையிலிருந்தும் முதல் பஸ் பிடித்துப் போட்டிக்கு வரும் பிள்ளை, எதிரே உட்காரும் நகரத்துப் பிள்ளையிடம் பெரும்பாலும் ஆரம்ப நகர்வுகளிலேயே தோற்கிறது. நகரத்துப் பிள்ளைக்குப் பணம் கொடுத்து வைத்த பயிற்றுநர் இருக்கிறார், மனப்பாடமாக நகர்வு வரிசைகள் இருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைக்குப் புத்திக்குக் குறைவில்லை. அந்த வரிசைகளைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. மனப்பாடம் சதுரங்கத்தை விழுங்குகிறது என்று பொபி ஃபிஷரே கவலைப்பட்டார். 1996இல் அவர் அறிவித்த முறையில், பின்வரிசைக் காய்களைக் குலுக்கி 960 விதமாகத் தொடங்கலாம். எவரும் மனப்பாடம் செய்யாத ஆட்டத்தில் முதல் நாள் எல்லோரும் ஒரே கோட்டில் நிற்பார்கள். புதிதாக அமைத்த ஆட்டத்தில் இது இன்னும் உண்மை. அதை அமைத்தது தோட்டத்துப் பிள்ளையே என்றால், நகரத்துப் பிள்ளை அதை இவரிடம்தான் கற்க வேண்டும்.

இதனால் வழக்கமான செஸ் கெட்டுப்போகும் என்று சில சக ஆசிரியர்கள் சொல்வதுண்டு. எனக்கு அந்தப் பயம் இல்லை. காவல் என்றால் என்ன என்று தன் ஆட்டத்தில் உடைத்துப் பார்த்த பிள்ளைக்கு, வழக்கமான பலகையில் காவலை யாரும் போதிக்க வேண்டியதில்லை. நிகழ்தகவு, சராசரி, எண்ணிப் பார்த்தல் எல்லாம் கணித பாடத்தில் வெறும் பயிற்சிக் கணக்காக இருக்கின்றன. இங்கே பிள்ளை தன் சொந்தக் கேள்விக்குப் பதில் தேட அவற்றைக் கையிலெடுக்கிறது. ஒரு கணித ஆசிரியராக எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

செலவும் பெரிதில்லை. ஒரு சோக்கட்டியும் சில கொட்டைகளும் போதும். கணினி உள்ள பாடசாலைகளில் ‘ஃபேரி ஸ்டாக்ஃபிஷ்’ என்ற இலவச நிரல் இருக்கிறது. பல வகைச் சதுரங்கங்களின் விதிகளைச் சில வரிகளில் எழுதிக் கொடுத்தால், அது தனக்குத்தானே ஆடி எந்தப் பக்கம் ஓங்குகிறது என்று காட்டும். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. கணினி படிக்கும் மாணவர்கள் சனிக்கிழமைகளில் இரண்டு மணிநேரம் அருகிலுள்ள தோட்டப் பாடசாலைக்கு வந்து, பிள்ளைகள் வகுத்த விதிகளை அந்த நிரலில் ஏற்றிக்கொடுத்தால் அது பெரிய உதவி. மாகாணக் கல்வித் திணைக்களம் வருடாந்தச் செஸ் போட்டியோடு ஒரு நாளைச் சேர்க்கட்டும். அன்று ஒவ்வொரு பாடசாலையும் தான் அமைத்த ஆட்டத்தையும், பக்கம் மாறி ஆடிய முடிவுகளின் பட்டியலையும் கொண்டுவரட்டும். அழகான பலகைக்குப் புள்ளி வேண்டாம், வினோதமான விதிக்கும் வேண்டாம். ஒரு கோளாறைக் கண்டுபிடித்து அதைத் திருத்திய கதைக்குப் புள்ளி கொடுங்கள்.

இன்னொரு வேலை அவசரமானது. ஆடுபுலி போல, லயத்துக்கு லயம் பெயரும் விதியும் மாறிய ஆட்டங்களை ஆடியவர்கள் இன்று எழுபது வயதைத் தாண்டியவர்கள். எத்தனை ஆடு, எத்தனை புலி, எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி, ஒரே முறையில் இரண்டு ஆடுகளைத் தாண்டலாமா என்பவை எல்லாம் சமநிலையைத் தீர்மானித்த விதிகள். பல தலைமுறை ஆடித் திருத்திய முடிவுகள். அவை எந்தப் புத்தகத்திலும் முழுமையாக இல்லை. உங்கள் வீட்டில் தாத்தாவோ அப்பாயியோ இருந்தால், இந்தக் கிழமையே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். களத்தை அவர் கையாலேயே கீறச் சொல்லுங்கள். எத்தனை ஆடு வைத்து ஆடினார் என்று கேட்டு எழுதி, தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் குறித்து, உங்கள் பாடசாலைக் கணித ஆசிரியரிடம் கொடுங்கள்.

(கட்டுரையாளர், பதுளை மாவட்டத் தோட்டப் பாடசாலைகளில் செஸ் பயிற்றுவிக்கும் கணித ஆசிரியர்)